பன்னிரண்டு வயது மகனைத் தேடிய பெற்றோர்

(திருக்குடும்ப விழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து, திருஅவை நமக்குத் திருக்குடும்பத்தைக் காட்டி, அவரவர் குடும்பத்தையும் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியில் ஓர் ஆண்டு, லூக்கா நற்செய்தி 2-ஆம் பிரிவின் இறுதிப் பகுதி இவ்விழாவன்று வாசிக்கப்படுகிறது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் தங்கிவிட்ட நிகழ்ச்சி அது. பிள்ளைகளை முழு மனிதர்களாக வளர்ப்பது எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பன்னிரண்டு வசனங்களைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இன்று அதை நம் வீடுகளுக்குள் வைத்துச் சிந்திப்போம்.

நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததுதான். பாஸ்கா விழாவுக்காக நாசரேத்திலிருந்து எருசலேமுக்குக் கூட்டமாகப் போகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடைப்பயணம். விழா முடிந்து திரும்பும்போது சிறுவன் இயேசு எருசலேமிலேயே நின்றுவிடுகிறார். பெற்றோருக்குத் தெரியவில்லை. பயணிகள் கூட்டத்தில் எங்கோ வருகிறான் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் வழி நடந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மரியாவும் யோசேப்பும் அசட்டையான பெற்றோர் அல்லர். உலகில் எந்தப் பெற்றோருக்கும் கிடைக்காத பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர்கள். அவர்களே, "கூட்டத்தில்தான் இருப்பான்" என்ற நம்பிக்கையில் ஒரு நாள் முழுவதும் பிள்ளை இல்லாமல் நடந்திருக்கிறார்கள் என்றால், நமக்கு அது நடக்காது என்று சொல்ல முடியுமா? அவர்கள் ஒரு நாளில் கண்டுகொண்டார்கள். நம்மில் சிலர் ஆண்டுக்கணக்கில் நடந்துவிடுகிறோம்.

நாங்கள் நெய்வேலி நகரியத்திலிருந்து பேசுகிறோம். இந்த ஊரை அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறோம்: இங்கே வீட்டுக் கடிகாரத்தை ஓட்டுவது ஷிப்ட். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் நிற்பதில்லை. ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மதியத்தில், ஒரு வாரம் இரவில் என்று அப்பா வேலைக்குப் போகிறார். சில வீடுகளில் அம்மாவும் போகிறார். இரவு வேலை முடிந்து அப்பா வந்து படுத்தால், பிள்ளைகள் கேட்கும் முதல் சொல் "உஷ்!" என்பதுதான். "சத்தம் போடாதே, அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்குறாரு." மதிய ஷிப்டில் இருக்கும் வாரத்திலோ, பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது அப்பா வேலையில் இருப்பார், அப்பா வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஒரே குவார்ட்டர்ஸில் ஐந்து நாள் முகம் பார்க்காமல் வாழ்கிற அப்பாவும் மகளும் நம் பங்கில் உண்டு. யாருடைய குற்றமும் இல்லை. உழைப்பு அப்படி. ஆனால் சில பிள்ளைகளுக்கு அப்பா என்றால் மூடிய கதவு என்றே மனத்தில் பதிந்துவிடுகிறது.

அதே நேரம் நமக்கொரு நிம்மதி இருக்கிறது. பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. ஆலயம் இருக்கிறது. விளையாட்டுத் திடல், நூலகம், மருத்துவமனை, மரநிழல் விழும் அகலமான சாலைகள் எல்லாம் இருக்கின்றன. பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. ஞாயிறு மறைக்கல்விக்குப் போகிறது. ஆகவே "கூட்டத்தில்தான் இருக்கிறது, நன்றாகத்தான் வளர்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம். மரியாவும் யோசேப்பும் நினைத்ததும் இதுவேதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது மடலில், பிள்ளைகளின் கல்விக்கென்றே ஏழாம் பிரிவு முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். அங்கே அவர் பெற்றோருக்கு ஒரு கேள்வி வைக்கிறார். பிள்ளை இந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது போதாது; அதன் மனம் எங்கே இருக்கிறது, எதை நம்புகிறது, எதை விரும்புகிறது, வாழ்க்கையில் எதை நோக்கிப் போகிறது என்று நமக்குத் தெரியுமா என்பதே அந்தக் கேள்வியின் சாரம். பிள்ளை அடுத்த அறையில் கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது?

லூக்கா இந்த நிகழ்ச்சியை முடிக்கும்போது, இயேசு எப்படி வளர்ந்தார் என்று ஒரே வசனத்தில் சொல்கிறார் (லூக் 2:52). அதில் நான்கு வளர்ச்சிகள் இருக்கின்றன. அவர் ஞானத்தில் வளர்ந்தார், உடலில் வளர்ந்தார், கடவுளுக்கு உகந்தவராக வளர்ந்தார், மனிதருக்கு உகந்தவராக வளர்ந்தார். மனிதரான இறைமகனுக்கே இந்த நான்கும் தேவைப்பட்டன. நம் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் போதும் என்று நாம் முடிவு செய்துவிட்டோமோ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் எழுதி வைக்கப்படும் கணக்கு பெரும்பாலும் ஒன்றே; அது மதிப்பெண் கணக்கு. நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடல். பிள்ளைக்குச் சோறு போடுவதில் நம் அம்மாக்கள் குறை வைப்பதில்லை. ஆனால் உறக்கமும் விளையாட்டும் உணவைப் போலத்தான். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், அதற்குப் பின் போர்வைக்குள் செல்போன் என்று போகிற பிள்ளைக்கு விளையாட நேரம் எங்கே இருக்கிறது? நகரியத்தில் திடலுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளை அங்கே அனுப்பும் மனந்தான் குறைகிறது. இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாச் செல்போன்களும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, கூடத்து மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் செய்யாததைப் பிள்ளைகள் செய்யமாட்டார்கள்.

உடல் வளர்ச்சியில் இன்னொன்றும் அடங்கும். பதின்ம வயதில் தன் உடலில் நடக்கும் மாற்றங்களைப் பிள்ளை முதலில் தாய் தந்தையிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் தன்னைத் தகாத முறையில் தொடக்கூடாது என்பதையும், தொட்டால் அது உறவினரே ஆனாலும், ஆசிரியரே ஆனாலும், ஆலயத்தைச் சேர்ந்தவரே ஆனாலும் வீட்டில் வந்து சொல்லலாம் என்பதையும் அது அறிந்திருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும், ஆண் பெண் வேறுபாடின்றி, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. 1098 என்ற எண் பிள்ளைகளுக்கான உதவி எண். அதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுங்கள். வந்து சொல்கிற பிள்ளையிடம், "நீ ஏன் அங்கே போனாய்?" என்பதை நம் முதல் கேள்வியாக வைத்துவிட்டால், அது இரண்டாம் முறை வராது.

இரண்டாவது, ஞானம். கோவிலில் இயேசு என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. கேட்பதும் கேள்வி கேட்பதுமே ஞானத்தின் தொடக்கம். நாமோ பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். "இன்றைக்கு வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய்?" என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நம் தெருக்களில் மகிழ்ச்சியோடு பயமும் சேர்ந்து நடமாடுகிறது. பக்கத்து பிளாக் பிள்ளை எவ்வளவு என்று விசாரிக்கிறோம். அந்த விசாரிப்பு நமக்குச் சாதாரணம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளைக்கு அது தீர்ப்பு.

மதிப்பெண் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏழை எளிய குடும்பங்கள் தலைநிமிர்ந்தது படிப்பால்தான். நம் பங்கிலேயே அதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. ஆனால் படிப்பு என்பது பாடப்புத்தகத்தோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் நம் நகரியத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. அங்கே போய்ப் பிள்ளைக்கு வழிகாட்டிப் புத்தகம் மட்டும் வாங்கிவராமல், அதுவே ஆசைப்பட்டு எடுக்கும் ஒரு புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். தச்சு, சமையல், தோட்டம், மின்சார வேலை என்று கையால் செய்யும் தொழில் ஒன்றையும் பழக்குங்கள். நாசரேத்து மகனுக்கு மறைநூலும் தெரிந்திருந்தது, தச்சு வேலையும் தெரிந்திருந்தது.

மூன்றாவது, மனிதரோடு உள்ள உறவு. மனிதருக்கு உகந்தவராக வளர்வது என்றால் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்குவது என்று பொருளில்லை. நம் பிள்ளையால் இன்னொரு மனிதருக்கு நன்மை விளைய வேண்டும் என்பதே பொருள். இந்தப் பழக்கம் அடுப்படியில் தொடங்குகிறது. சாப்பிட்ட தட்டை மகள் மட்டும் கழுவி, மகன் எழுந்து போகிற வீட்டில், பெண் தனக்குப் பணிவிடை செய்யப் பிறந்தவள் என்று மகன் கற்றுக்கொள்கிறான். அதை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. அதேபோல், வீட்டுக்கு வரும் துப்புரவுத் தொழிலாளரை நாம் எப்படி அழைக்கிறோம், ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளை விளையாடினால் முகம் சுளிக்கிறோமா, திருமணப் பேச்சு எடுக்கும்போது முதலில் எந்தச் சாதி என்று கேட்கிறோமா என்பதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே அப்பத்தை உண்டுவிட்டு வந்து வீட்டில் சாதி பேசினால், பிள்ளை நம் திருப்பலியை நம்புமா, நம் பேச்சை நம்புமா?

நமக்கு அருகிலேயே வடலூர் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டு வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு, பசித்தவர்க்குச் சோறிட இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்காமல் சோறு போடுகிறவர்கள் நம் அயலில் இருக்கிறார்கள் என்று அறிவது அவர்களுடைய விசுவாசத்தைக் குறைக்காது, "நாம் என்ன செய்கிறோம்?" என்ற கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினால், வின்சென்ட் தே பவுல் சபையார் செய்யும் பணியில் ஒரு கை சேர்க்க அந்தப் பிள்ளைக்கே தோன்றும்.

நான்காவது, கடவுளோடு உள்ள உறவு. பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புகிறோம். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் தயாரிக்கிறோம். நல்லது. ஆனால் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளுக்கு முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று தெளிவாகக் கூறுகிறது. பங்குத்தந்தையும் மறையாசிரியரும் அருட்சகோதரியரும் அதற்குத் துணை நிற்பவர்கள். ஞாயிறு ஒரு மணிநேரத்தில் நாங்கள் சொல்வதை வாரத்தின் மற்ற நேரமெல்லாம் வீடு உறுதிப்படுத்துகிறது, அல்லது அழித்துவிடுகிறது. இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பா, தூங்கும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுப் போனால் அரை நிமிடம் ஆகும். அந்தப் பிள்ளை அரைத் தூக்கத்தில் அதை உணரும். ஐம்பது வயதிலும் மறக்காது. இன்னொன்று: தவறு செய்துவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா கோபத்தில் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்ற ஒரு சொல், ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி நாங்கள் நடத்தும் பத்து வகுப்புக்குச் சமம்.

சரி, இந்த நான்கு வளர்ச்சிக்கும் பெற்றோர் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடி எது? அதற்கும் நற்செய்தியிலேயே விடை இருக்கிறது. மகன் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் திரும்பினார்கள். வந்த வழியே நடந்து தேடினார்கள். மூன்றாம் நாள் கண்டதும், மரியா ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்; தாங்கள் இருவரும் பட்ட கவலையையும் மறைக்காமல் சொன்னார். மகன் பதில் சொன்னார். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார். புரியாதபோதும் மரியா மகனின் வாயை அடைக்கவில்லை. அதைத் தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று அவர்களுக்குப் பணிந்து நடந்தார். அதற்குப் பிறகுதான் நான்கு வளர்ச்சி பற்றிய வசனம் வருகிறது. தேடுதல், கேட்டல், செவிமடுத்தல், உள்ளத்தில் வைத்துக்கொள்ளுதல்: இந்த நான்கும் நடந்த வீட்டில் அந்த நான்கு வளர்ச்சியும் நிகழ்ந்தது.

செவிமடுத்தலின் தேவையை விளக்க நம் சுரங்கமே போதும். இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. மேலுள்ள மண்ணை அள்ளிவிட்டால், அந்த நீர் படிவத்தை உடைத்துக்கொண்டு மேலே பொங்கிவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பம்பை ஓட்டினால் போதும் என்று யாரும் இருப்பதில்லை. பிள்ளைகளின் மனத்திலும் அப்படியொரு நீர் இருக்கிறது. பயம், பொறாமை, ஆசை, வெட்கம், தோல்வி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்கின்றன. தினமும் சிறிது வெளியேற வழி வேண்டும். அந்த வழி நம்முடைய காது.

2020 ஜூலை 1 அன்று இங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தார்கள். பெரியவர்கள் நாம் கூடிக்கூடிப் பேசினோம், அழுதோம், செபித்தோம். அடுத்த நாள் அப்பா வேலைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்த பிள்ளையிடம், "பயமாக இருக்கிறதா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கேட்காத கேள்வி காணாமல் போவதில்லை. அது உள்ளேயே இருக்கும். சில பிள்ளைகளிடம் கோபமாக வெளிவரும். சில பிள்ளைகளிடம் படுக்கையை நனைப்பதாகவும் பள்ளிக்குப் போக மறுப்பதாகவும் வெளிவரும். பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டால், உண்பதிலும் உறங்குவதிலும் மாறுதல் தெரிந்தால், வாழ்க்கையே வேண்டாம் என்று விளையாட்டாகச் சொன்னாலும், அதை அலட்சியம் செய்யாதீர்கள். செபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவமும் இறைவனின் கொடையே.

பிள்ளையை வளர்த்த ஒரு தாயின் கதையோடு இதைச் சேர்த்துப் பார்ப்போம். இளைஞர்களின் தந்தை என்று திருஅவை போற்றும் புனித தொன் போஸ்கோ 1815-இல் இத்தாலி நாட்டில் ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட்டார். தாய் மார்கரீத் எழுதப் படிக்கத் தெரியாதவர். மூத்த தாரத்து மகன் அந்தோணி, தம் பிள்ளைகள் யோசேப்பு, யோவான் என்று மூன்று பேரையும் மாமியாரையும் அவரே காப்பாற்ற வேண்டியிருந்தது.

சிறுவன் யோவான் ஒருநாள் உயரத்தில் இருந்த எதையோ எடுக்கப் போய், எண்ணெய்ச் சாடியைத் தள்ளி உடைத்துவிட்டான். துடைத்துப் பார்த்தும் கறை போகவில்லை. வேலியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி, அழகாகச் செதுக்கி எடுத்துக்கொண்டு, வீடு திரும்பும் தாயை எதிர்கொண்டு போனான். நடந்ததைச் சொல்லி, அடிப்பதற்கு அந்தக் குச்சியையும் நீட்டினான். தாய் சிரித்துவிட்டார். இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சிரிப்பைவிட, பிள்ளை தாயிடம் ஓடிய திசை. தவறு செய்த பிள்ளை ஒளிந்துகொள்ளாமல் தாயை நோக்கி ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் தாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை அதற்கு எங்கிருந்து வந்தது? நம் பிள்ளை தேர்வில் தோற்றால், கையில் பணம் தொலைந்தால், காதல் வயப்பட்டால், யாரோ மிரட்டினால், எந்தத் திசையில் ஓடும்? நம்மை நோக்கியா, நம்மை விட்டா?

ஒன்பது வயதில் கண்ட கனவை அந்தச் சிறுவன் மறுநாள் காலை வீட்டில் சொன்னான். ஆடு மேய்ப்பாய் என்றான் ஓர் அண்ணன். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஆவாய் என்றான் மற்றவன். கனவையெல்லாம் பொருட்படுத்தாதே என்றார் பாட்டி. ஒருவேளை குருவாவாயோ என்னவோ என்றார் தாய். பிற்காலத்தில் தொன் போஸ்கோவே எழுதி வைத்த நினைவு இது. ஒரே கனவை நான்கு பேர் கேட்டார்கள். ஒருவர்தான் அதை உள்ளத்தில் வாங்கினார்.

அந்த வீடும் சண்டை இல்லாத வீடு இல்லை. தம்பி படிப்பது அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. பூசல் முற்றி, 1828-இல் பன்னிரண்டு வயது யோவானைத் தாயே வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. எவ்வளவு அழுதிருப்பார்! ஆகவே, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, மறுமணக் குடும்பங்களே, வெளிநாட்டு வேலைக்குக் கணவரை அனுப்பிவிட்டு இங்கே பிள்ளைகளோடு இருப்பவர்களே, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளே, மனம் தளராதீர்கள். குறையில்லாத குடும்பத்தைத் தேடிக் கடவுள் காத்திருப்பதில்லை. உள்ளபடியான நம் வீட்டிலேயே அவர் வேலை செய்கிறார்.

அந்தத் தாயிடம் கற்றதைத்தான் தொன் போஸ்கோ ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் அவர் சொல்லும் கருத்து இது: பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நம் அப்பாக்கள் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பது பிள்ளைகள் மீதுள்ள அன்பினால்தான். ஆனால் அது பிள்ளைக்குத் தெரிகிறதா?

கடைசியாக, பொறுமை. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961-இல். நடுவில் நான்கு ஆண்டுகள் மண்ணைத்தான் அள்ளினார்கள். அந்த ஆண்டுகளை வீண் என்று யாரும் சொல்வதில்லை. பதினான்கு வயது மகன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும்போது, நாமும் மண் அள்ளும் காலத்தில் இருக்கிறோம். தொடர்ந்து பேசுவோம், தொடர்ந்து காத்திருப்போம்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்வோம். வீட்டு நாள்காட்டியில் அப்பாவின் ஷிப்டைக் குறித்து வைத்திருப்போமே, அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் அரை மணிநேரம் குறித்து வைப்போம். மதிய ஷிப்ட் வாரம் என்றால் பள்ளிக்குக் கிளம்புமுன்; இரவு ஷிப்ட் வாரம் என்றால் மாலையில்; இல்லையென்றால் வார ஓய்வு நாளில். ஒரு பிள்ளையோடு ஒருவர், செல்போன் இல்லாமல், நடந்துகொண்டோ தேநீர் குடித்துக்கொண்டோ இருக்கலாம். அறிவுரை வேண்டாம், மதிப்பெண் பேச்சு வேண்டாம். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்போம். முதல் வாரம் ஒன்றும் வராது. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஏதாவது வரும்.

பணி ஓய்வு பெறும் நாளில் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாம் எல்லாரும் போகப்போகிறவர்கள்தாம். நட்ட வேப்பமரமும் வளர்த்த முருங்கையும் இங்கேயே நின்றுவிடும். நம்மோடு வருவது நம் பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் விட்டுச் செல்லும் நினைவு ஒன்றே. நம்மைத் தேடி வந்த அப்பா, நாம் சொன்னதைக் கேட்ட அம்மா என்று அவர்கள் நினைக்கும்படி வாழ்வோம்.

மகனைத் தேடி வந்த வழியே திரும்பி நடந்த அன்னை மரியாவும் புனித யோசேப்பும், தேடும் பெற்றோர் அனைவருக்காகவும், காணாமற்போன பிள்ளைகள் அனைவருக்காகவும் பரிந்து பேசுவார்களாக. நம் வீடுகளில் பிள்ளைகள் உடலிலும் ஞானத்திலும், கடவுளின் பார்வையிலும் மனிதரின் நடுவிலும் வளர இறைவன் அருள்புரிவாராக. ஆமென்.